பனிக்கட்டி உருகலும் சமுத்திரச் சுற்றோட்டமும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றாசிரியர் கடலை நோக்குங்கால் பெரும்பாலும் அதன் மேற்பரப்பையே நோக்குவர். வணிகர் சென்ற வழிகளும், கடற்படைகள் பொருத களங்களும், துறைமுகங்களின் எழுச்சியும் வீழ்ச்சியுமே அவர்தம் ஏடுகளில் இடம்பெறுவன. ஆயின் அம்மேற்பரப்பின் கீழே, ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில், ஒளியும் அலையும் எட்டாத இடத்தில் மெல்ல நகரும் நீருக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்நீர் சில காலங்களில் வலுவுடனும் சில காலங்களில் தளர்ந்தும் ஓடியுள்ளது. அது பெரிதும் தளர்ந்த காலங்களில் வட ஐரோப்பாவிற் குளிர் மிகுந்தது. ஆசியாவிற் பருவமழை குன்றியது. அத்தளர்ச்சிக்குரிய தலையாய காரணங்களுள் ஒன்றாக அறிஞர் கருதுவது, பெரும் பனிக்கட்டிப் படலங்கள் உருகியமையால் வட அத்திலாந்திக் சமுத்திரத்திற் கலந்த நன்னீரையேயாகும்.

இக்கூற்றில் ஒரு முரண் உளது. பனிக்கட்டி உருகுவது வெப்பம் மிகுவதனால் அன்றோ? அவ்வாறாயின் அவ்வுருகலே குளிரை வருவித்தது எங்ஙனம்? இம்முரணை அவிழ்ப்பதற்கு அறிவுலகுக்கு இரண்டரை நூற்றாண்டு தேவைப்பட்டது. இக்கருத்து எவ்வெச் சான்றுகளால் உருவாயிற்று, அதன் மீது எழுந்த வாதப் பிரதிவாதங்கள் யாவை, மனித வரலாற்றைக் கற்போர் அதிலிருந்து எதனைக் கொள்ளலாம், எதனைக் கொள்ளலாகாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆழ்கடலின் குளிர்

ஆழ்கடல் நீரின் குளிர்ச்சி முதன்முதல் அளந்தறியப்பட்டது ஓர் அடிமை வணிகக் கப்பலிலே என்பது பலர் அறியாத செய்தி. 1751 ஆம் ஆண்டில் ஹென்றி எலிஸ் என்னும் ஆங்கிலத் தலைவன் ஆபிரிக்கக் கரையை நோக்கித் தன் கப்பலைச் செலுத்தினான். ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் மதகுருவும் விஞ்ஞானியுமானவர் அமைத்துக் கொடுத்த, ஆழத்து நீரை முகந்து வரவல்ல ஒரு வாளி அவனிடம் இருந்தது. வட அகலக்கோடு 25 பாகையளவில் அவன் அதனை 5,346 அடி ஆழம் வரை இறக்கிப் பார்த்தான். காற்றின் வெப்பநிலை 84 பாகை பரனைட்டாக இருக்க, ஏறக்குறைய 3,900 அடி ஆழத்து நீர் 53 பாகையளவிலேயே இருந்தது. சுட்டெரிக்கும் அயனமண்டல ஞாயிற்றின் கீழ் அத்துணைக் குளிர்ந்த நீர் கிடந்தமை வியப்புக்குரியது. எலிஸோ அந்நீரைக் குளிப்பதற்கும் திராட்சை மதுவைக் குளிர்விப்பதற்கும் பயன்படுத்தியதாக எழுதி அமைந்தான். மனிதரை விலைப்பொருளாக ஏற்றிச் செல்லும் தொழிலில் ஈடுபட்ட கப்பலிலிருந்து சமுத்திரவியலின் முதற் சான்றுகளுள் ஒன்று வந்தமை, அக்கால ஐரோப்பிய அறிவும் அக்கால ஐரோப்பிய வணிகமும் ஒரே கப்பலிற் பயணஞ் செய்தன என்பதை நமக்கு உணர்த்துகின்றது.

அக்குளிரின் காரணத்தை உய்த்துணர்ந்தவர் றம்போர்ட் பிரபு எனப்படும் பென்சமின் தொம்சன் ஆவார். நன்னீர் 4 பாகை செல்சியஸ் வரையுமே குளிரக் குளிர அடர்த்தி மிகும். அதன் கீழ் அது மீண்டும் விரியும். கடல்நீரோ உவர்த்தன்மையுடைமையால் உறையும் நிலை வரை சுருங்கிக்கொண்டே செல்லும். ஆதலால் முனைவுப் பிரதேசங்களிற் குளிர்ந்த கடல்நீர் அடியிலே அமிழ்ந்து மத்தியகோட்டை நோக்கிப் படரவேண்டும் என்றும், அவ்வாறு படருமாயின் அதற்கு ஈடாக மேற்பரப்பில் வெப்பநீர் முனைவை நோக்கிச் செல்லவேண்டும் என்றும் 1790களின் இறுதியில் அவர் எழுதினார். கப்பலேறாது, எலிஸின் எண்களையும் ஆய்வுகூட அறிவையும் மட்டுமே துணைக்கொண்டு, சமுத்திரம் முழுவதும் ஒரு பெருஞ் சுற்றோட்டத்தில் இணைந்துள்ளது என்று அவர் கண்டமை பாராட்டத்தக்கது.

பிற்கால ஆய்வுகள் இதனை விரித்தும் திருத்தியும் நிறுவின. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய சலெஞ்சர் கப்பலின் அளவீடுகளும், நோர்வே நாட்டு நான்சன் முதலியோரின் வடகடல் ஆய்வுகளும் இவற்றுள் முக்கியமானவை. இன்று நாம் அறிந்தவாறு, அத்திலாந்திக்கின் மேற்பரப்பில் வடக்கு நோக்கிச் செல்லும் வெப்பமும் உவர்ப்பும் மிக்க நீர், கிறீன்லாந்து, ஐஸ்லாந்து, லப்ரடோர் ஆகியவற்றை அண்டிய கடல்களில் தன் வெப்பத்தை மாரிக்காலக் காற்றுக்கு ஈந்து குளிர்கின்றது. உவர்ப்பினாலும் குளிரினாலும் அடர்த்தி மிகுந்து அமிழ்கின்றது. பின்னர் ஆழத்தே தெற்கு நோக்கிச் செல்கின்றது. அந்தாட்டிக்காவைச் சூழ்ந்த தென் சமுத்திரத்தில் காற்றுகளின் இழுவையால் அதன் பெரும்பகுதி மீண்டும் மேலெழுகின்றது.

இவ்வொழுங்கின் உயிர்நிலை உவர்ப்பாகும். அமிழும் இடத்தில் நன்னீர் மிகுதியாகக் கலக்குமாயின் மேற்பரப்பு நீரின் அடர்த்தி குறையும். அது எவ்வளவு குளிர்ந்தாலும் அமிழாது, கீழுள்ள நீரின் மேல் ஒரு மூடி போலக் கிடக்கும். அமிழ்தல் தளரவே தெற்கிலிருந்து வெப்பநீர் வருதலும் தளரும். பனிக்கட்டியின் உருகல் குளிரைத் தரும் என்னும் முரண் இங்ஙனம் அவிழ்கின்றது. ஆனால் இவ்விளக்கம் சான்றுகளோடு பொருந்துவதற்கு வேறொரு துறையின் வளர்ச்சி வேண்டியிருந்தது.

பனிக்கட்டிக் காலமும் மறைந்த பெருவாவியும்

1837 ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்து நாட்டு லூயி அகாசி, ஐரோப்பாவின் பெரும்பகுதி முன்னொரு காலத்திற் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது என அறிவித்தபோது அவரது கூற்று எளிதில் ஏற்கப்படவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியிலோ அது புவிச்சரிதவியலின் அடிப்படை உண்மைகளுள் ஒன்றாகிவிட்டது. வட அமெரிக்காவின் சமவெளிகளில் பண்டைக் கரையோரங்களின் தடங்களைப் பின்பற்றிச் சென்ற வாரன் உபாம், பின்வாங்கிய பனிக்கட்டிப் படலத்தின் விளிம்பில் உருகுநீர் தேங்கி ஒரு மாபெரும் வாவியாக நின்றதைக் கண்டு, அதற்கு அகாசியின் பெயரையே சூட்டினார். இன்றைய மனிற்றோபா மாகாணத்தின் வாவிகள் அப்பெருவாவியின் எச்சங்களே.

1901 ஆம் ஆண்டில் டென்மார்க்கின் அல்லரொட் என்னும் இடத்துக் களிமண் அகழ்வில் வேறொரு சான்று வெளிப்பட்டது. பனிக்கட்டிக் காலம் முடிவுற்று மரங்கள் வளரத் தொடங்கிய காலத்துக்குரிய படையின் மேல், மீண்டும் கடுங்குளிர்ப் பிரதேசத் தாவரங்களின் எச்சங்கள் காணப்பட்டன. அவற்றுள் ஒன்றான ட்றையாஸ் என்னும் சிறு வெண்மலர்ச் செடியின் பெயரால் அக்குளிர்காலம் 'இளைய ட்றையாஸ்' எனப்பட்டது. இக்காலத்தை இற்றைக்கு ஏறத்தாழ 12,900 ஆண்டுகளுக்கும் 11,700 ஆண்டுகளுக்கும் இடைப்பட்டதாக இன்று அறிஞர் கணிக்கின்றனர். வெப்பமுற்று வந்த உலகில் வட ஐரோப்பா திடீரெனக் குளிர்க்காலத்துக்குத் திரும்பியது ஏன்? மறைந்த வாவியும் மீண்ட குளிரும் அறுபது, எழுபது ஆண்டுகள் தனித்தனி ஏடுகளிலேயே கிடந்தன. அவ்விரண்டையும் இணைத்து நோக்குவதற்கு வேண்டிய கருத்து அப்போது எவரிடமும் இருக்கவில்லை.

இரு நிலைகள்

அக்கருத்தை 1961 இல் வழங்கியவர் அமெரிக்க சமுத்திரவியலாளர் ஹென்றி ஸ்ரொமெல் ஆவார். கலாநிதிப் பட்டத்துக்கெனப் பயிலாமலே அத்துறையின் முதல்வர்களுள் ஒருவராக விளங்கியவர் அவர். சமுத்திரத்தை அவர் மிக எளிமைப்படுத்தி இரண்டு பாத்திரங்களாகக் கருதினார்: ஒன்று வெப்பமும் உவர்ப்பும் மிக்கது, மற்றையது குளிர்ந்தது, உவர்ப்புக் குறைந்தது. வெப்பநிலை வேறுபாடு நீரை ஒரு திசையிற் செலுத்த முனைகின்றது. உவர்ப்பு வேறுபாடு எதிர்த்திசையிற் செலுத்த முனைகின்றது. இவ்விரண்டும் பொருதும்போது, புறநிலைமைகள் மாறாதிருக்கவே, நிலைபெறத்தக்க ஓட்டங்கள் இரண்டு அமையக்கூடும் என அவர் கணித முறையாற் காட்டினார்.

இதன் பொருள் ஆழமானது. நீரோட்டமே உவர்நீரை வடக்கே கொணர்கின்றது. அவ்வுவர்நீரே நீரோட்டத்தை நிலைநிறுத்துகின்றது. ஓட்டம் சிறிது தளருமாயின் வரும் உவர்ப்புக் குறையும்; உவர்ப்புக் குறைய ஓட்டம் மேலும் தளரும். ஓர் எல்லை வரை இத்தளர்ச்சி மெல்ல நிகழும். அவ்வெல்லை கடந்த பின் சுற்றோட்டம் தானே வீழ்ந்துபோகும். நன்னீர் வருவது நின்றுவிட்டாலும் பழைய நிலை எளிதில் மீளாது. காரணம் சிறுகச் சிறுகப் பெருகிவர, விளைவு ஒருங்கே வந்து சேரலாம். இயற்கை மெல்லவே மாறும் என்னும் கொள்கை வேரூன்றியிருந்த காலத்தில் எழுதப்பட்ட அக்கட்டுரை, காலநிலை மாற்றத்தைப் பற்றிய ஊகத்துக்கு இது இடந்தரும் என்னும் குறிப்போடு முடிவுற்றது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே.

பனிக்கட்டியே ஏடாக

எழுத்துச் சான்றில்லாத காலத்துக்குப் பனிக்கட்டியே ஏடாக அமையலாம் என்பதை உணர்த்தியவர் டென்மார்க்கின் வில்லி டான்ஸ்கார்ட். 1952 இல் கொப்பன்ஹேகனில் ஒரு போத்தலிலும் புனலிலும் மழைநீரைச் சேகரித்து அவர் தம் ஆய்வைத் தொடங்கினார். நீரில் உள்ள பாரமான ஒட்சிசன் சமதானியின் விகிதம், மழை உருவாகும் வெப்பநிலையைச் சார்ந்து மாறுவதை அவர் கண்டார். அவ்வாறாயின் ஆண்டுதோறும் கிறீன்லாந்தில் வீழ்ந்து படிந்த பனியின் ஒவ்வொரு படையும் அவ்வாண்டின் வெப்பநிலையைத் தன்னுள் பொறித்து வைத்திருத்தல் வேண்டும்.

அவ்வேட்டைப் புரட்டும் வாய்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்க இராணுவம் வடமேற்குக் கிறீன்லாந்தின் பனிக்கட்டிக்குள்ளே கம்ப் செஞ்சுரி என்னும் தளமொன்றை அமைத்திருந்தது. பனிப்போர்க் காலத்தின் போர்த் திட்டங்களோடு தொடர்புற்ற அத்தளத்தில் 1966 ஆம் ஆண்டளவில் பனிக்கட்டிப் படலம் அடி வரை துளைக்கப்பட்டு, ஏறத்தாழ 1,390 மீற்றர் நீளமான பனித்தண்டு வெளிக்கொணரப்பட்டது. டான்ஸ்கார்ட் அதனை ஆய்ந்தபோது கடந்த பனிக்கட்டிக் காலத்தில் வெப்பநிலை பன்முறை திடீரென ஏறி இறங்கியமை புலனாயிற்று. ஒரே தண்டின் சான்றை ஐயுற்றோர் பலர். 1992 இலும் 1993 இலும் கிறீன்லாந்தின் உச்சியில், ஒன்றுக்கொன்று அண்மையில், ஐரோப்பியரும் அமெரிக்கரும் தனித்தனியே 3,000 மீற்றருக்கு மேல் துளைத்தெடுத்த இரு தண்டுகளும் கடந்த பனிக்கட்டிக் காலத்தைப் பொறுத்து ஒரே கதையைக் கூறியபின் ஐயம் நீங்கியது. இளைய ட்றையாஸ் காலத்தின் முடிவில் கிறீன்லாந்தின் வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் உயர்ந்தமை அவற்றால் தெளிவாயிற்று. ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் ஒரு யுகம் மாறியது எனலாம்.

இதற்கிடையில், பனித்தண்டுச் சான்றையும் ஸ்ரொமெலின் கருத்தையும் வாவியின் வரலாற்றையும் ஒருங்கிணைத்தவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வொலஸ் புறோக்கர் (1931–2019) ஆவார். 1984 இல் பேர்ண் நகரில் ஹான்ஸ் எஸ்கர் நிகழ்த்திய விரிவுரையொன்றில், கிறீன்லாந்துப் பனியில் அடைபட்ட காபனீரொட்சைட்டின் அளவு திடீர் திடீரென மாறியதாகக் கூறப்பட்டது. அத்தகைய மாற்றத்தைச் சமுத்திரமே நிகழ்த்தவல்லது எனப் புறோக்கர் சிந்திக்கத் தொடங்கினார். அடுத்த ஆண்டில் சமுத்திரமும் வளிமண்டலமும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகளில் இயங்கக்கூடுமா என்னும் வினாவை அவரும் அவர்தம் துணை ஆய்வாளரும் எழுப்பினர். அவரைத் தூண்டிய காபனீரொட்சைட்டு மாற்றங்கள் பனியினுள்ளே நிகழ்ந்த இரசாயனத் தாக்கங்களால் தோன்றிய போலிகள் என்பது பின்னர் தெரியவந்தது. சான்று பொய்த்தது, அதனாற் பிறந்த வினா நிலைத்தது. அறிவின் வரலாற்றில் இத்தகைய நிகழ்ச்சிகள் அரிதல்ல.

1988 இல் ஜேர்மானியரான ஹார்ட்முட் ஹைன்றிக் பிறிதொரு சான்றை முன்வைத்தார். வடகிழக்கு அத்திலாந்திக்கின் அடியிலுள்ள அடையல்களில், மிதக்கும் பனிமலைகள் சுமந்து வந்து உருகியபோது உதிர்த்த கற்றுணிக்கைகள் தனித்தனிப் படைகளாகக் கிடப்பதை அவர் கண்டார். அத்துணிக்கைகளிற் பெரும்பாலானவை ஹட்சன் குடாப் பகுதிப் பாறைகளுக்குரியவை எனப் பின்னர் அறியப்பட்டது. பனிக்கட்டிப் படலங்கள் இருந்த இடத்தில் நின்று உருகியதோடன்றி, இடையிடையே சரிந்து பெருந்தொகைப் பனிமலைகளைச் சமுத்திரத்துட் செலுத்தியதும் உண்டு என்பதற்கு இது சான்றாயிற்று.

வழக்கும் எதிர்வழக்கும்

புறோக்கரும் அவரைச் சார்ந்தோரும் இளைய ட்றையாஸுக்குக் கூறிய விளக்கம் பின்வருமாறு: அகாசி வாவியின் நீர் முன்னர் மிசிசிப்பி ஆற்றின் வழியே தெற்கே மெக்சிக்கோக் குடாவை அடைந்தது. பனிக்கட்டியின் விளிம்பு வடக்கே பின்வாங்கியதும் கிழக்கு வாயில் திறந்தது. நீர் சென் லோறன்ஸ் வழியாக வட அத்திலாந்திக்கினுட் பாய்ந்தது, அமிழ்தல் தடைப்பட்டது, குளிர் மீண்டது. மெக்சிக்கோக் குடாவின் அடையல்களிலே அக்காலத்தில் உருகுநீரின் அடையாளம் குன்றியமை இதற்குத் துணை நின்றது.

விளக்கம் அழகியதாயினும் வழி எங்கே என்னும் வினா எஞ்சியது. கிழக்கு வாயிலைக் களத்திற் சென்று ஆய்ந்தோர், அக்காலத்தில் அது திறந்திருந்தமைக்கும் பெருவெள்ளம் பாய்ந்தமைக்கும் வேண்டிய தடங்களைக் காணவில்லை என்றனர். 2010 இல் வேறு சிலர், கனடாவின் வடமேற்கே மக்கென்சி ஆற்றின் கழிமுகத்திற் பெருவெள்ளம் விட்டுச் சென்ற பரற்படைகளைச் சுட்டி, நீர் ஆட்டிக் சமுத்திரத்தின் வழியே சுற்றி வந்தது என வாதித்தனர். 2018 இல் போபோட் கடலின் அடையல்களிலிருந்து அதற்கு மேலும் ஆதரவு கிடைத்தது. வழக்கு முற்றாகத் தீர்ந்துவிட்டது எனக் கூறுவதற்கில்லை. எனினும் ஒன்றைப் பகுத்துணர்தல் வேண்டும். நன்னீர் எவ்வழியே வந்தது என்பது ஒரு வினா. ஆழ்நீரோட்டம் தளர்ந்ததா என்பது வேறொரு வினா. இரண்டாவதற்கு, பேமுடாவை அண்டிய ஆழ்கடல் அடையல்களில் உள்ள கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களின் விகிதத்தைக் கொண்டு 2004 இல் வெளியிடப்பட்ட ஆய்வு வலுவான விடை தருகின்றது. இற்றைக்கு ஏறத்தாழ 17,500 ஆண்டுகளுக்கு முன், ஹைன்றிக் படையொன்று படிந்த காலத்தில், சுற்றோட்டம் ஏறக்குறைய நின்றுவிட்டது. இளைய ட்றையாஸ் காலத்திலும் அது குறிப்பிடத்தக்க அளவு தளர்ந்தது என்பதே அவ்விடை.

இன்னொரு நிகழ்ச்சி ஒப்புநோக்கத்தக்கது. இற்றைக்கு ஏறத்தாழ 8,400 ஆண்டுகளுக்கு முன், ஹட்சன் குடாவை அடைத்திருந்த பனிக்கட்டி அணை உடைந்தது. அப்போது அகாசி வாவி அயலிலிருந்த ஒஜிப்வே வாவியோடு ஒன்றாகியிருந்தது. இன்றைய கஸ்பியன் கடல் நீரினும் இருமடங்கெனக் கணிக்கப்படும் அதன் நீர், ஹட்சன் நீரிணை வழியாகச் சமுத்திரத்துட் பாய்ந்தது. எலிஸ் தன் இளமையில், 1746–47 இல், வடமேற்குக் கடல்வழியைத் தேடிச் சென்றதும் இக்குடாவுக்கே. இற்றைக்கு 8,200 ஆண்டுகளளவில் கிறீன்லாந்துப் பனித்தண்டுகள் காட்டும் திடீர்க் குளிரை இவ்வுடைப்போடு பெரும்பாலான அறிஞர் இணைக்கின்றனர். ஆனால் அக்குளிர் ஏறத்தாழ 160 ஆண்டுகளே நீடித்தது. இளைய ட்றையாஸோ 1,200 ஆண்டுகள் நிலவியது. ஆகவே நீரின் அளவு மட்டுமே விளைவைத் தீர்மானிப்பதில்லை. அது எவ்விடத்திற் கலந்தது, எத்துணைக் காலம் தொடர்ந்தது, அப்போது சமுத்திரம் எந்நிலையில் இருந்தது என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

காலநிலையும் மனித வரலாறும்

இங்கு வரலாற்று மாணவர் எச்சரிக்கையோடிருத்தல் வேண்டும். எழுத்துச் சான்றில்லாத காலத்துக்கு இத்துணை நுண்ணிய காலவரையறை கிடைத்ததும், மனித வரலாற்றின் திருப்பங்களையெல்லாம் அதனோடு பொருத்திப் பார்க்கும் ஆசை எழுவது இயல்பே. சிரியாவில் யூபிரட்டிஸ் நதிக்கரையிலுள்ள அபு ஹுரைரா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அணைக்கட்டு நீர் மூழ்கடிப்பதற்கு முன் 1972 இலும் 1973 இலும் அங்கு அகழ்வு நடைபெற்றது. இளைய ட்றையாஸ் காலத்தின் குளிரும் வரட்சியும் காட்டுத் தானியங்களை அருகச் செய்தமையால் அங்கு வாழ்ந்தோர் றை என்னும் தானியத்தைப் பயிரிடத் தொடங்கினர் என்றும், வேளாண்மையின் தோற்றுவாய் இதுவே என்றும் சிலர் கொண்டனர். பிறர் அத்தானிய மணிகளின் தொகை சிறிதென்றும், அவற்றைக் கொண்டு அவ்வளவு பெரிய முடிபுக்கு வரலாகாதென்றும் மறுத்தனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஸ்வேர்த் ஹன்ரிங்ரன் போன்றோர் காலநிலையே நாகரிகத்தைத் தீர்மானிக்கும் என்றனர். அக்கொள்கை, குளிர்நாட்டார் ஆளவும் வெப்பநாட்டார் ஆளப்படவும் இயற்கையே விதித்தது என்னும் குடியேற்றவாதக் கருத்துக்குத் துணைபோயிற்று. அப்பிழைக்கு நாம் மீண்டும் இடந்தரலாகாது. ஒரே வரட்சியில் ஒரு சமூகம் இடம்பெயரும், இன்னொன்று பயிரிடும், பிறிதொன்று அழியும். தெரிவுகளின் எல்லையைக் காலநிலை குறுக்கலாம். அவ்வெல்லைக்குள் தெரிவு செய்வோர் மனிதரே. எனினும் எல்லை குறுகியதையே அறியாது தெரிவை மட்டும் விளக்க முற்படும் வரலாறும் முழுமையுடையதன்று.

இவ்வரலாறு நமக்குப் புறம்பானதுமன்று. வட அத்திலாந்திக் குளிரும்போது அயனமண்டல மழைவலயம் தெற்கு நோக்கி நகர்கின்றது. ஆசியப் பருவக்காற்று அதனாற் தளர்வுறுகின்றது. பாகிஸ்தானை அடுத்த அராபிக்கடலின் அடையல்களைக் கொண்டு 1998 இலும், சீனாவில் நாஞ்சிங் நகரை அண்டிய ஹுலு குகையின் சுண்ணாம்புத் தூண்களைக் கொண்டு 2001 இலும் வெளியான ஆய்வுகள், கிறீன்லாந்தின் குளிர்காலங்களும் ஆசியாவிற் பருவமழை குன்றிய காலங்களும் ஒத்து வருவதைக் காட்டின. ஹட்சன் குடாவிலிருந்து பெயர்ந்த பனிமலைக்கும் பருவமழையை நம்பி வாழ்ந்த நிலத்துக்கும் இங்ஙனம் ஒரு தொடர்பு ஏற்படுகின்றது. பனிக்கட்டிக் காலத்தின் உச்சத்திற் கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றருக்கு மேல் தாழ்ந்திருந்தது. ஆழங்குறைந்த பாக்கு நீரிணை அப்போது நிலமாயிருந்தது. ஈழத்தைத் தீவாக்கியதும் உருகிய அப்பனிக்கட்டியே.

இன்றைய நிலை

பண்டைக் கதையாகத் தோன்றிய இது, 1960களின் இறுதியில் ஆய்வாளரின் கண்முன்னரே சிறிதளவில் நிகழ்ந்தது. ஆட்டிக்கிலிருந்து வழமைக்கு மேலாக வெளிவந்த பனிக்கட்டியும் நன்னீரும் கிறீன்லாந்தைச் சுற்றி லப்ரடோர் கடலை அடைந்தன. அங்கு சில மாரிக்காலங்களில் நீர் ஆழ அமிழ்தல் தடைப்பட்டது. 1972 இன் கடுங்குளிர் அதனை மீளத் தொடக்கியது. உவர்ப்புக் குன்றிய அந்நீர்த்திரள் வட அத்திலாந்திக்கைச் சுற்றி 1980களின் தொடக்கத்தில் வடகடல்களுக்கு மீண்டமையைப் பின்னர் அளவீடுகளை ஒருங்கு சேர்த்தோர் கண்டனர்.

2004 முதல் வட அகலக்கோடு 26.5 பாகையில், புளோரிடாவிலிருந்து ஆபிரிக்கக் கரை வரை பொருத்தப்பட்ட கருவிகள் இச்சுற்றோட்டத்தை இடையறாது அளந்து வருகின்றன. அங்கு சராசரியாக விநாடிக்கு ஏறத்தாழ 1 கோடி 70 இலட்சம் கனமீற்றர் நீர் மேலே வடக்கும் கீழே தெற்குமாகச் செல்கின்றது. இதற்கு முந்திய காலத்துக்குக் கப்பல்கள் இடையிடையே எடுத்த அளவீடுகளே உள. அவற்றுட் சிலவற்றை ஒப்பிட்டு, சுற்றோட்டம் 30 வீதம் குறைந்துவிட்டதாக 2005 இல் வெளியான ஆய்வு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. ஆயின் ஓராண்டுக்குள்ளேயே ஓட்டம் பெரிதும் ஏறி இறங்குவதைத் தொடர் அளவீடு காட்டியமையால் அம்முடிபு தளர்ந்தது. கிறீன்லாந்துக்குத் தெற்கே, உலகம் வெப்பமுற்றுவரத் தான் மட்டும் குளிர்ந்து நின்ற ஒரு கடற்பகுதியைச் சான்றாகக் கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ 15 வீதம் தளர்ச்சி ஏற்பட்டதாக 2018 இல் ஓர் ஆய்வு கூறியது. அச்சான்றின் பொருள் பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு.

கிறீன்லாந்தோ 2002 முதல் செய்மதி அளவீடுகளின்படி ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 27,000 கோடி தொன் பனிக்கட்டியை இழந்து வந்துள்ளது. அகாசி வாவியின் இறுதி வெள்ளம் முழுவதும் ஓராண்டிற் பாய்ந்ததெனக் கொண்டாலும், அதனோடு ஒப்பிட இது ஏறக்குறைய அறுநூறில் ஒரு பங்கே. இவ்வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. அதே வேளையில், வாவி ஒருமுறை வடிந்து தீர்ந்தது. கிறீன்லாந்தின் பனிக்கட்டியோ, முற்றாக உருகினாற் கடல்மட்டத்தை 7 மீற்றருக்கு மேல் உயர்த்தவல்ல இருப்பாகும். அன்றியும் கடல்நீர் வெப்பமுறுதலும் வடபுல மழை மிகுதலும் அதே திசையிலேயே செயற்படுகின்றன. தெற்கிலும் அந்தாட்டிக்காவின் உருகுநீர், அடியாழ நீர் உருவாவதைத் தளர்த்தி வருவதற்கான சான்றுகள் 2023 இல் வெளியாகியுள்ளன.

காலநிலை மாற்றம் பற்றிய அரசுகளுக்கிடையிலான குழு 2021 இல் வெளியிட்ட அறிக்கை, இந்நூற்றாண்டில் அத்திலாந்திக் சுற்றோட்டம் தளரும் என்பது பெரிதும் உறுதி எனவும், 2100 க்கு முன் அது திடீரென வீழ்ந்துவிடாது என்பதில் நடுத்தரமான நம்பிக்கையே உண்டு எனவும் கூறியது. 2023 இல் வெளியான ஓர் ஆய்வு இந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வீழ்ச்சி நிகழலாம் என்றது. அதன் முறையியலைப் பலர் மறுத்தனர். 2025 இல் வெளியான மற்றோர் ஆய்வு, தென் சமுத்திரக் காற்றுகள் நீரை மேலெழச் செய்துகொண்டிருப்பதால் சுற்றோட்டம் தளர்ந்தாலும் முற்றாக நிற்பது இந்நூற்றாண்டில் நிகழக்கூடியதன்று என்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, உருகுநீருக்கும் ஆழ்நீரோட்டத்துக்குமிடையிலான தொடர்பு ஒருவரின் கண்டுபிடிப்பன்று; அடிமை வணிகனின் வாளியும், களிமண்ணிற் கிடந்த மலரும், இராணுவத் தளத்தின் பனித்தண்டும் தத்தமக்குரிய நோக்கம் வேறாயிருக்க, ஒரே வினாவுக்குச் சான்றாயின. இரண்டாவது, கடந்த காலம் நிகழ்காலத்தின் அச்சுப்படியன்று. அகாசி வாவி இன்றில்லை. ஆதலால் இளைய ட்றையாஸ் அவ்வாறே மீளும் எனக் கூறுவோர் வரலாற்றைத் தவறாகப் பயன்படுத்துகின்றனர். மூன்றாவது, அவ்வாறு மீளாது என்பதனால் அச்சமில்லை எனக் கூறுவோரும் அதே தவறையே செய்கின்றனர். இத்தொகுதி ஓர் எல்லை வரை மெல்லவும் அதன் பின் விரைந்தும் மாறவல்லது என்பதே வரலாறு ஐயத்துக்கிடமின்றிக் காட்டும் உண்மை. அவ்வெல்லை எங்குளது என்பதில் அறிஞர் இன்னும் உடன்படவில்லை.

ஐரோப்பாவின் மாரிக்குளிர் பற்றியதாகவே இவ்விடயம் பெரிதும் பேசப்படுகின்றது. அடையல்களும் குகைத்தூண்களும் கூறும் கதையோ பருவமழையின் கதையுமாகும். வடபுலத்துப் பனிக்கட்டியின் விதியை நிர்ணயிக்கும் அவைகளில், மழையை நோக்கி விதைக்கும் நாடுகளின் குரல் இதுவரை மெலிதாகவே ஒலித்துள்ளது. அக்குரலுக்குச் சான்று சேர்ப்பது விஞ்ஞான பீடத்தாரின் பணி மட்டுமன்று; நம் குளங்களும் வாய்க்கால்களும் வரண்ட காலங்களின் ஆவணங்களைக் கற்கும் கலைப்பீட மாணவரின் பணியுமாகும்.